ராத்திரியானால் தோள்பட்டை ஏன் இப்படி வலிக்கிறது தெரியுமா?

உங்கள் கை உடம்போடு எத்தனை எலும்புகளால் இணைந்திருக்கிறது தெரியுமா? ஒன்றே ஒன்றுதான்! கழுத்துக்குக் கீழே விரலால் தடவினால் குறுக்குவாட்டில் தட்டுப்படுமே, அந்தக் காறை எலும்பு. அதை விட்டால் கைக்கும் நடு உடம்புக்கும் எலும்புத் தொடர்பே கிடையாது. முதுகுப்பக்கம் முக்கோணமாகப் புடைத்திருக்கும் தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளில் எங்கும் பூட்டப்படவில்லை. 17 தசைகள் அதை நாலா பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, தூங்கிப்போன பிள்ளை என்று வாழ்நாள் முழுக்க நாம் தூக்குகிற பாரமெல்லாம் அந்த இழுபிடியை நம்பித்தான்!

அந்தக் காறை எலும்புக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கரு உருவாகி ஐந்தாறு வாரத்தில், உடம்பிலேயே முதலில் எலும்பாக இறுகத் தொடங்குவது அதுதான். முழுக்க முற்றி முடிவதிலோ அதுவே கடைசி. இருபது வயதைத் தாண்டியும் அதன் உள்முனை வளர்ந்துகொண்டிருக்கும்!

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவார்களே, தோள் மூட்டின் அமைப்பு ஏறக்குறைய அப்படித்தான். மேல்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது உட்காரும் குழியோ சின்னது, ஆழமே இல்லாதது. எந்த நேரத்திலும் உருண்டையின் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இடுப்பு மூட்டு மாதிரி ஆழமாகப் புதைந்திருந்தால் வலுவாக இருந்திருக்கும். ஆனால் முதுகைச் சொறியவும் முடியாது, பரணில் இருந்து அண்டாவை இறக்கவும் முடியாது. மனித உடம்பில் இதைவிட அதிகமாகச் சுழலும் மூட்டு வேறு கிடையாது.

சுழலும் வேகத்தைக் கேட்டால் இன்னும் மலைப்பீர்கள். 2013-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு, பேஸ்பால் பந்தை வீசும்போது மேல்கை நொடிக்கு 9000 டிகிரி வரை சுழல்கிறது என்றது. நம் உடம்பு செய்கிற அசைவுகளிலேயே அதிவேகமானது அது! சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நம் மூதாதையருக்கே கல்லை வீசி வேட்டையாட ஏற்ற தோள் அமைந்துவிட்டதாம். நம்மைவிடப் பலசாலியான சிம்பன்சியால் ஒரு பந்தைக் குறிபார்த்து வேகமாக எறிய முடியாது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் யாரையாவது நிற்கச் சொல்லி, அவருடைய தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் உங்கள் கட்டைவிரலை வையுங்கள். கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் எலும்பு அசையாது. அப்புறம் விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வெளிப்பக்கம் சுழலும்! கை தலைக்கு மேலே போகும் 180 டிகிரியில் சுமார் 120 மூட்டின் வேலை, மீதி 60 இந்த எலும்பின் வேலை என்று 1944-லேயே அமெரிக்காவில் கணக்கிட்டுவிட்டார்கள்.

இப்படி ஆட விட்டதன் சிரமமெல்லாம் நான்கு சின்னத் தசைகளின் தலையில் விழுகிறது. ரொட்டேட்டர் கஃப் என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான். உருண்டை குழியை விட்டு நழுவாமல் நான்கும் அணைத்துப் பிடிக்கின்றன. அவற்றில் மேலே உள்ளதன் நார், தோளின் உச்சி எலும்புக்கும் உருண்டைக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் இடுக்கில் ஓடுகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பவர்கள், கூரைக்குப் பெயின்ட் அடிப்பவர்கள், நாள் முழுக்கக் கையைத் தூக்கியே வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் நோகும் இடம் அதுதான்.

நார் கிழிந்தால் வலிக்கத்தானே வேண்டும்? இங்கேதான் பெரிய ஆச்சரியம்! ஜப்பானில் ஒரே கிராமத்தைச் சேர்ந்த 664 பேரைப் பரிசோதித்தார்கள். 147 பேருக்கு நார் முழுசாகக் கிழிந்திருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வலியே இல்லை! 2013-ல் வெளியானது இது. ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் கிழிசல் என்று இருந்தால் உடனே நடுங்கிவிடாதீர்கள். நரை மாதிரி வயதோடு வருவதும் உண்டு. விழுந்து அடிபட்ட பிறகு திடீரென்று கை தூக்க முடியாமல் போனால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அது வேறு கதை.

இதைவிட ஆச்சரியமான ஒன்று. உச்சி எலும்பின் அடியைச் சீவி இடுக்கை அகலமாக்கும் அறுவை சிகிச்சை உலகெங்கும் பல்லாயிரம் பேருக்கு நடந்தது. பிரிட்டனில் 313 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உண்மையாகவே சீவினார்கள். இன்னொரு பிரிவினருக்குத் துளை போட்டு உள்ளே பார்த்ததோடு சரி. 2018-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: இரு பிரிவினருக்கும் வலி குறைந்ததில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை! எலும்பைச் சீவ அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, நம் ஊர் வீடுகளில் அதிகம் கேட்கும் புலம்பலுக்கு வருவோம். "ரவிக்கைக்குப் பின்கொக்கி மாட்ட முடியல." "தலை பின்ன முடியல." "பஸ்ல மேல்கம்பியைப் பிடிக்கக் கை போகல." வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடியிருக்கும். உண்மையில் அது இறுகிப்போன தோள், ஃப்ரோசன் ஷோல்டர். பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-ல் வைத்த பெயர். மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கி, தடித்து, சுருங்கிவிடுகிறது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், அதுவும் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு! இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று செய்த ஆய்வு அது. அப்படியானால் எத்தனை வீடுகளில் கொக்கி மாட்ட முடியாத கைகள் இருக்கும், யோசித்துப் பாருங்கள். தோள் இறுகிய பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் போய், அப்போதுதான் சர்க்கரை இருப்பதே தெரியவந்தவர்களும் உண்டு. தைராய்டு கோளாறு இருப்பவர்களுக்கும் இது அதிகம்.

கிழிசலா, இறுக்கமா என்று வீட்டிலேயே ஓரளவு ஊகிக்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் விலக்கித் திருப்பச் சொல்லுங்கள். தானாகத் திருப்ப முடியாவிட்டால், நீங்கள் மெதுவாகப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். நார் பிரச்சினை என்றால் அடுத்தவர் உதவியோடு கை போகும். உறை இறுகியிருந்தால் யார் திருப்பினாலும் போகாது! இறுக்கம் சரியாவதற்கு ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு மூன்று வருடம்கூட ஆகும். ஆனால் பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும். ஒருமுறை வந்த தோளில் மறுபடி வருவது அபூர்வம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஆரம்பக்கட்ட வலி நன்றாகவே குறையும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் அந்த ஊசிக்குப் பிறகு சில நாட்கள் அளவு எகிறும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நேற்று வரை ஒன்றுமில்லை, இன்று நள்ளிரவில் தாங்கவே முடியாத வலியா? தோள் நாரில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கலாம். படியும் காலத்தில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. உடம்பு அதைக் கரைத்து அப்புறப்படுத்தத் தொடங்கும்போதுதான் உயிர் போகிற வலி! குணமாகிற வேளையில் வலி உச்சத்துக்குப் போகும் விசித்திரம் இது.

தோளே காரணமில்லாத தோள்வலியும் உண்டு என்பது தெரியுமா? கருவில் உதரவிதானம் கழுத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பிறகுதான் கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் நரம்பையும் கழுத்திலிருந்து கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது! தோளின் தோலுக்குப் போகும் நரம்புகளும் கழுத்தின் அதே மட்டத்தில் இருந்து கிளம்புகின்றன. வலி எங்கிருந்து வருகிறதென்று மூளை குழம்பிப்போகிறது. அதனால்தான் பித்தப்பைக் கல் வலது தோளில் வலிக்கிறது. அடிபட்டு மண்ணீரல் கிழிந்தால் இடது தோளில் வலிக்கிறது. லேப்ராஸ்கோபி செய்துகொண்டவர்கள் "வயித்துல ஆபரேஷன், தோள் ஏன் வலிக்குது?" என்று கேட்பதற்கும் காரணம் இதுதான். வயிற்றை விரிக்க ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்தியிருக்கும்; ஓரிரு நாளில் போய்விடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தால் தைலத்தைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு தோள் நுனியில் வலி வந்தால், கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம்; ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. புகை பிடிப்பவருக்குத் தோளில் தொடங்கி உட்கை வழியாகச் சுண்டுவிரல் வரை விடாமல் வலி இறங்கினால், நுரையீரலின் உச்சியை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ராத்திரிக் கதைக்கு வருவோம். நிற்கும்போதும் உட்காரும்போதும் கையின் எடை தோளைக் கீழே இழுத்து அந்த ஒரு சென்டிமீட்டர் இடுக்கைத் திறந்து வைக்கிறது. படுத்ததும் அந்த இழுப்பு இல்லாமல் போகிறது! ஒருக்களித்துப் படுத்தால் உடம்பின் பாரமும் கூடவே ஏறுகிறது. 2010-ல் வந்த ஒரு ஆய்வில், நோயில்லாதவர்களின் தோளுக்குள் நேரடியாக அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். மல்லாந்து படுத்தபோது குறைவு. ஒருக்களித்தாலும் குப்புறப் படுத்தாலும் அதிகம். போதாததற்கு, வீக்கத்தைத் தணிக்கும் கார்டிசால் சுரப்பு நள்ளிரவு வாக்கில்தான் மிகவும் குறைகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி உணர்வும் கூடும். கூடிய வலி அன்றைய தூக்கத்தையும் கெடுக்கும். இந்தச் சுற்றை எங்காவது அறுத்தாக வேண்டும். படுக்கையில்தான் அறுக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தலைக்குத் தலையணை வைக்கிறோம். கைக்கு? யாரும் வைப்பதில்லை! மல்லாந்து படுக்கும்போது முழங்கை மெத்தையில் விழுந்து தோளைவிடத் தாழ்ந்துவிடுகிறது. உருண்டை முன்பக்கம் பிதுங்கி, இறுகிய உறையை ராத்திரி முழுக்க இழுக்கிறது. ஒரு பழைய பருத்திப் புடவையை மடித்து, அக்குளில் இருந்து முழங்கை வரை கைக்கு அடியில் வையுங்கள். எவ்வளவு உயரம்? தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் உங்கள் முழங்கை உங்களுக்குத் தெரிய வேண்டும். அதுதான் கணக்கு. உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லாந்தால் தூக்கமே வராதா? நல்ல தோள் பக்கம் ஒருக்களியுங்கள். மார்போடு ஒரு பெரிய தலையணையை அணைத்து, வலிக்கும் கையை முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை அதன்மேல் கிடத்துங்கள். தலையணை இல்லாவிட்டால் அந்தக் கை மார்புக்குக் குறுக்கே சரிந்து தோளின் பின்பக்கத்தை இழுக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டை அடைகொடுத்துவிட்டால் தூக்கத்தில் வலிக்கும் பக்கம் புரளவும் மாட்டீர்கள். கோரைப்பாயில் படுத்துப் பழகியவர்கள், ஒருக்களிக்கும்போது மட்டுமாவது தோளுக்கடியில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். தலையணைக்கு அடியில் கையை நுழைத்துக்கொள்வதும், குப்புறப் படுத்துக் கையைத் தலைக்கு மேலே போடுவதும் வேண்டவே வேண்டாம்.

வலி உக்கிரமாக இருக்கும் நாட்களில் சாய்வு நாற்காலியில் பாதி சாய்ந்து தூங்குவதில் தப்பே இல்லை. தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலர் வாரக்கணக்கில் அப்படித்தான் தூங்குகிறார்கள்.

படுக்கப் போகுமுன் இரண்டு நிமிடம் காட்மன் சொல்லிக்கொடுத்த ஊசல் பயிற்சியைச் செய்யலாம். நல்ல கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்த்தித் தொங்கவிடுங்கள். உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாகச் சின்ன வட்டம் போடும். படுத்ததும் நின்றுபோகும் அந்த இழுப்பை முன்கூட்டியே கொஞ்சம் கொடுத்துவிடுகிறீர்கள்! வெந்நீர் ஒத்தடமும் இதம்தான். சர்க்கரையால் தோல் மரத்துப்போனவர்கள் மட்டும் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் போட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

கடைசியாகத் தலையணையின் உயரம். ஒருக்களிக்கும்போது காதுக்கும் தோள் விளிம்புக்கும் இடையே உள்ள இடைவெளியை அது முழுசாக நிரப்ப வேண்டும். அகன்ற தோள் உள்ளவருக்கு உயரம் அதிகம் வேண்டும். ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே தலையணை ஒத்துவராது. போடிநாயக்கனூர் பக்கத்து இலவம்பஞ்சுத் தலையணை அருமையானதுதான், ஆனால் சில வருடங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும். ஒரு பகல் நல்ல வெயிலில் போட்டுத் தட்டிப் பாருங்கள். அப்போதும் உப்பவில்லை என்றால் புதுப்பஞ்சு அடைக்கக் கொடுத்துவிடுங்கள்.