சம்னர் நீதிமன்றமும் அதன் திருத்தவேலையும்

சிற்றூர் ஒன்றிலுள்ள பழைய நீதிமன்றக் கட்டடம் திருத்தவேலைக்காகத் தற்காலிகமாக மூடப்படுவது பொதுவாக ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கருதப்படுவதில்லை. கூரை ஒழுகும், சுவர் வெடிக்கும், வழக்குகள் வேறோரிடத்துக்கு மாற்றப்படும், பணம் கிடைத்ததும் கதவு மீண்டும் திறக்கப்படும். இவை பொறியியலாளர்க்கும் கணக்காளர்க்கும் உரிய விடயங்கள் என்பதே பொது எண்ணம். எனினும் ஒரு கட்டடத்தை எந்தக் காலத்து நிலைக்குத் திருத்துவது, எவருடைய பணத்தில் திருத்துவது, எவரை முன்னிட்டுத் திருத்துவது என்னும் வினாக்கள் எழுந்தே தீரும். அவற்றுக்கு விடை தேடும்பொழுது கல்லும் சுண்ணாம்பும் பின்தள்ளப்பட்டுச் சமூக உறவுகள் முன்னே வந்து நிற்பதைக் காணலாம். ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள சம்னர் என்னும் ஊரின் நீதிமன்றம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

சம்னர் ஏறத்தாழ 300 பேர் மட்டும் வாழும் ஊர். அது அமைந்துள்ள தலஹாச்சி கவுண்டிக்குத் தலைநகர்கள் இரண்டு. கிழக்கே குன்றுப் பகுதியில் சாள்ஸ்ரன். மேற்கே வண்டற் சமவெளியிற் சம்னர். எனவே நீதிமன்றங்களும் இரண்டாயின. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவுறும் வேளையிற் செங்கல்லாற் கட்டப்பட்ட சம்னர் நீதிமன்றம், கோபுரத்தோடும் வளைவான வாயில்களோடும் ஊர்ச் சதுக்கத்தின் நடுவே நிற்பது. அதைச் சூழவே சட்டத்தரணிகளின் அலுவலகங்கள் வளர்ந்தன. உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்னகப் படையினருக்கு 1913இல் அதன் முன்றிலிலே சிலை எடுக்கப்பட்டது. நீதி கேட்டு அவ்வாயிலுக்கு வந்த கறுப்பின மக்கள் முதலிற் கண்டது அச்சிலையையே.

அச்சமவெளியின் பொருளியல் அடித்தளம் பருத்தி. 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் அதன் இடத்தை வாரக்குடி முறை பற்றிக்கொண்டது. நிலமும் விதையும் கடனும் பெருந்தோட்ட உரிமையாளருடையவை. உழைப்பு மட்டுமே கறுப்பினக் குடும்பத்துடையது. ஆண்டிறுதியிற் கணக்குத் தீர்ப்பவரும் உரிமையாளரே. இந்த உற்பத்தி உறவு நிலைத்து நிற்க அச்சம் தேவைப்பட்டது. அந்த அச்சத்துக்குச் சட்டத்தின் முத்திரையைக் குத்தும் இடமாக நீதிமன்றம் விளங்கியது.

1955இல் நிகழ்ந்தது இதனைத் தெளிவுபடுத்தும். சிக்காகோவிலிருந்து உறவினரைக் காண வந்த எமற் ரில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், மணி என்னும் சிற்றூரின் கடையொன்றில் வெள்ளையினப் பெண்ணொருத்தியிடம் முறைதவறி நடந்தான் எனக் குற்றஞ் சாட்டப்பட்டான். ஓகஸ்ட் 28ஆம் திகதி பொழுது புலருமுன் அவன் தூக்கிச் செல்லப்பட்டான். மூன்று நாட்களின் பின் தலஹாச்சி ஆற்றில் அவனது சிதைந்த உடல் கிடைத்தது. உடல் மிதக்காதிருக்கக் கழுத்திற் கட்டப்பட்டிருந்தது பருத்தி அரைவை ஆலையின் இரும்பு விசிறி; கட்டியது முட்கம்பி. கொலைக்கருவியைத் தேடி எவரும் நெடுந்தூரம் செல்லவேண்டியிருக்கவில்லை. அப்பொருளாதாரத்தின் கைக்கெட்டிய உபகரணமே போதுமாயிருந்தது.

செப்ரெம்பர் 19 முதல் 23 வரை சம்னர் நீதிமன்றின் மேல்மாடியில் வழக்கு நடைபெற்றது. எதிரிகள் கடைக்காரரான றோய் பிறையன்ரும் அவருடைய அரைச் சகோதரர் ஜே. டபிள்யூ. மைலமும் ஆவர். ஊரிலிருந்த ஐந்து சட்டத்தரணிகளும் எதிரிகளுக்காகவே தோன்றினர். யூரிமார் பன்னிருவரும் வெள்ளையின ஆண்கள். இது தற்செயலன்று. யூரிமார் வாக்காளர் பதிவேட்டிலிருந்தே தெரிவு செய்யப்பட்டனர். கவுண்டியின் மக்களில் ஐந்தில் மூவருக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவராயிருந்தும் அவருள் ஒருவர்தானும் அப்பதிவேட்டில் இடம்பெறவில்லை. பெண்களோ 1968 வரை மிசிசிப்பியில் யூரிமாராக அமரவே முடியாது. கறுப்பினப் பத்திரிகையாளருக்கு ஓர் ஓரத்திற் சிறு மேசையொன்று ஒதுக்கப்பட்டது. சாள்ஸ் டிக்ஸ் என்னும் காங்கிரஸ் உறுப்பினரும் கறுப்பினத்தவராதலால் அம்மேசையிலேயே இருத்தப்பட்டார்.

அம்மண்டபத்தில் நிகழ்ந்தவற்றுள் ஒன்றைச் சற்று நின்று நோக்கல் வேண்டும். சிறுவனின் பாட்டன் முறையினரும் வாரக்குடியுமான மோஸ் றைற் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, நள்ளிரவில் வந்தவர் இவரே எனக் கைநீட்டிக் காட்டினார். கறுப்பின மனிதர் ஒருவர் வெள்ளையரை அவ்வாறு சுட்டுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். வழக்கின் பின் பறிக்கப்படாத பருத்தியை வயலிலே விட்டு அவர் சிக்காகோவுக்குச் சென்றார். சாட்சி சொன்ன இளைஞர் வில்லி றீட்டும் தப்பியோடினார். யூரிமார் 67 நிமிடங்களில் எதிரிகளை விடுவித்தனர். சில மாதங்களில், 1956 ஜனவரியில், ஒரு சஞ்சிகையிடம் பணம் பெற்று இருவரும் கொலையை ஒப்புக்கொண்டனர். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கலாகாது என்ற கோட்பாடு அவர்களைக் காத்தது.

சாதாரணமாகக் கதை இவ்விடத்தில் முடிக்கப்பட்டுவிடும். கட்டடத்தின் கதையோ இதன் பின்னரே சுவையுடையதாகின்றது. 1944இல் அச்சமவெளியின் ஹொப்சன் தோட்டத்தில் நடுகை முதல் அறுவடை வரை இயந்திரங்களாலேயே பருத்தி விளைவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் வாரக்குடிகள் வேண்டாதவராயினர், ஊர்கள் வெறுமையாயின, கடைகள் மூடப்பட்டன. சம்னருக்கு எஞ்சிய தொழிற்சாலை என்று ஒன்றைச் சொல்வதானால் அது நீதிமன்றமே. 1970களில் வழக்கு மண்டபம் நவீனப்படுத்தப்பட்டு, 1955இன் தோற்றம் மறைக்கப்பட்டது. வழக்கின் எழுத்துப் பதிவும் பல பத்தாண்டுகள் காணாமற் போயிருந்தது. மங்கிய பிரதியொன்றை 2004இலேயே மத்திய புலனாய்வுத் துறை கண்டெடுத்தது.

இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்தபொழுது கட்டடம் சிதையத் தொடங்கியிருந்தது. திருத்துவதற்குக் கவுண்டியிடம் பணமில்லை. இரு தலைநகருள்ள கவுண்டியிற் தற்காலிக மூடல் என்பது ஆபத்தான சொல். வழக்குகள் சாள்ஸ்ரனுக்குச் சென்றால் மீளவும் திரும்பிவரும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. சதுக்கத்துச் சட்டத்தரணிகளும் உடன் செல்லவேண்டியதே. இந்நிலையிலேதான், கவுண்டி மேற்பார்வைச் சபையின் முதலாவது கறுப்பினத் தலைவரான ஜெறோம் லிற்றில் முன்னின்று 2006இல் எமற் ரில் நினைவு ஆணைக்குழுவை உருவாக்கினார். இரு இனத்தாரும் அதில் உறுப்பினராயினர். இணைத்தலைவர்களில் ஒருவரான பெற்றி பியர்சன், 1955 வழக்கைப் பார்வையாளராக இருந்து நேரிற் கண்ட வெள்ளையினப் பெண்மணி.

நினைவுகூரலும் கூரைத் திருத்தமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர் டேவ் ரெல் தமது 2019ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். ரிலின் பெயரின்றி நிதி கிடைக்காது; நிதியின்றி ஊருக்கு வாழ்வில்லை. அரைநூற்றாண்டாக அப்பெயரை உச்சரிக்க விரும்பாதவர்களும் இதனால் ஒரு மேசையில் அமர நேர்ந்தது. இவ்விளக்கத்தை நாம் ஏற்கலாம். ஆயினும் யாவும் பணத்தின் பொருட்டே நிகழ்ந்தன என முடிவு கட்டுவது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும். பணத்தேவை கதவைத் திறந்தது உண்மையே. அக்கதவு வழியே எவர் நுழைவார், நுழைந்து என்ன பேசுவார் என்பதைப் பணம் தீர்மானிக்கவில்லை. 1960களில் வாக்குரிமைக்காகப் போராடியோர் இல்லையேல் ஜெறோம் லிற்றில் அந்தச் சபையில் இருந்திருக்க முடியாது.

2007 ஒக்ரோபர் 2ஆம் திகதி நீதிமன்ற வாயிலில் ஒரு தீர்மானம் வாசிக்கப்பட்டது. நீதியை நாடுவதில் தவறியமைக்கு அது ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. எவர் தவறினர் என்பதை அத்தீர்மானம் பொதுப்படவே கூறிற்று என்பதையும் குறிப்பிடல் வேண்டும். தொடர்ந்து நடைபெற்ற திருத்தவேலைகள் 2014, 2015 அளவில் நிறைவெய்தின. கட்டடங்களைப் புதுப்பிப்போர் வழமையாக அவற்றின் சிறப்புமிக்க நாளுக்குத் திரும்பவே முயல்வர். சம்னரில் மண்டபம் 1955 செப்ரெம்பரின் தோற்றத்துக்கு, அதாவது அதன் இழிவுமிக்க வாரத்துக்குத் திருப்பப்பட்டது. பிழையைச் சீர்செய்ய முடியாதவிடத்துப் பிழை நடந்த இடத்தையேனும் பிழையின் வடிவிற் பேணுவது என்னும் இம்முடிவு கட்டடக்கலை வரலாற்றில் அரிதானதே.

இலக்கிய மாணவர்க்கு இவ்விடத்தில் ஜேம்ஸ் போல்ட்வினின் நினைவு வரலாம். இவ்வழக்கைத் தழுவி அவர் எழுதிய நாடகம் 1964இல் மேடையேறியது. அதன் இறுதி அங்கம் நீதிமன்றத்திலேயே நிகழ்கின்றது. கட்டடம் திருத்தப்படுவதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்னரே அம்மண்டபத்தை நாடகாசிரியர் மேடையிலே மீளக் கட்டிவிட்டார் எனலாம்.

எதிர்ப்பு ஓய்ந்துவிடவில்லை. சிறுவனின் உடல் கிடைத்த ஆற்றங்கரையில் 2008இல் நாட்டப்பட்ட பெயர்ப்பலகை திருடப்பட்டது. பின்னர் வைக்கப்பட்டவை துப்பாக்கிச் சூட்டினால் துளைக்கப்பட்டன. 2019இல் குண்டு துளைக்காத பலகையொன்று நிறுவப்பட்டது. 2023 ஜூலை 25, ரிலின் 82ஆவது பிறந்தநாளாக அமைந்திருக்கக்கூடிய அன்று, அவ்வாற்றங்கரையும் சிக்காகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயமும் சம்னர் நீதிமன்றமும் தேசிய நினைவுச் சின்னமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன.

திருத்தத்தின் பின்னரும் அக்கட்டடம் நூதனசாலையாக மட்டும் ஆகிவிடவில்லை. வழக்குகள் அங்கு தொடர்ந்தும் விசாரிக்கப்பட்டன. வழக்கில்லாத நாட்களில் வரும் பார்வையாளர் மேல்மாடி மண்டபத்தில் அமர்த்தப்பட்டு, 2007ஆம் ஆண்டுத் தீர்மானத்தை வரி வரியாக, ஆளுக்கொரு பகுதியாகத் தம் வாயாலேயே வாசிக்கும்படி கேட்கப்பட்டனர்.