ஹெல்மெட் போட்டும் மூளைக்கு ஆபத்தா? அமெரிக்கன் ஃபுட்பாலில் என்னதான் நடக்கிறது?

2023 ஜனவரி 2. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பஃபலோ பில்ஸ் அணிக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கும் மேட்ச். பந்தோடு ஓடி வந்த எதிரணி வீரரை மறித்துக் கீழே தள்ளுகிறார் டமார் ஹாம்லின். வயது 24. ரெண்டு பேரும் விழுகிறார்கள். ஹாம்லின் எழுந்து நிற்கிறார். அடுத்த நொடி அப்படியே மல்லாந்து சாய்கிறார்.

இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து உயிரை மீட்டார்கள். சக வீரர்கள் சுற்றி நின்று அழுததை அமெரிக்காவே டிவியில் பார்த்தது. பாதியில் நின்ற அந்த மேட்ச் அதன் பிறகு நடக்கவே இல்லை.

நல்லவேளையாக ஹாம்லின் பிழைத்தார். அடுத்த சீசனிலேயே மறுபடி களத்துக்கும் வந்துவிட்டார். ஆனாலும் அந்த வீடியோவைப் பார்க்கும் யாருக்கும், ‘இதெல்லாம் ஒரு விளையாட்டா, இதை ஏன் இன்னும் விட்டு வைத்திருக்கிறார்கள்?’ என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஹாம்லினுக்கு நடந்தது மிக அபூர்வமான விபத்து. இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நுண்நொடியில் நெஞ்சில் அடி விழுந்தால் மட்டுமே அப்படி ஆகும். இந்த வகை விபத்து பேஸ்பால் ஆடும் பிள்ளைகளிடம்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி டாக்டர்கள் கவலைப்படும் விஷயமே வேறு. அது நடக்கும்போது யாரும் விழமாட்டார்கள், அழமாட்டார்கள், டிவியில் ரீப்ளேகூடப் போடமாட்டார்கள்.

முதலில், இது என்ன ஆட்டம்?

பெயர்தான் ஃபுட்பால். காலுக்கு வேலை கொஞ்சம்தான். முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 11 பேர், 100 கஜ மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. இப்படியே எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டால் 6 புள்ளி. அதுதான் டச் டவுன்.

எதிரணி சும்மா விடுமா? கபடியில் ரெய்டரை மடக்குவது போல, பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்த வேண்டும். ஆனால் இங்கே இரு தரப்பும் முழு வேகத்தில் ஓடிவந்து மோதும். முன்வரிசையில் நிற்கும் பலர் 130 கிலோவுக்கு மேல் எடை. அந்த உடம்போடு அவர்கள் ஓடும் வேகத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

60 நிமிட ஆட்டம், முடிய 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பந்து உண்மையில் நகர்வது சுமார் 11 நிமிடம்தான். முதல் தடவை பார்க்கும்போது ‘ஆட்டம் எப்போ ஆரம்பிக்கும்?’ என்றுதான் எனக்கும் தோன்றியது.

பிறகு ஏன் இவ்வளவு மோகம்?

அந்த 11 நிமிடத்துக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஆட்டத்தின் மூளை. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்பு யார் எங்கே ஓட வேண்டும், யார் யாரை மறிக்க வேண்டும், யாரை ஏமாற்ற வேண்டும் என்று 11 பேருக்கும் தனித்தனி திட்டம். ஒருவர் தப்பினாலும் மொத்தமும் சொதப்பிவிடும். செஸ் காய்களுக்கு உயிர் வந்து ஓடினால் எப்படி இருக்குமோ, அப்படி.

இன்னொன்று, எல்லா உடம்புக்கும் இதில் இடம் உண்டு. குண்டான பையனை வேறு எந்த விளையாட்டில் முதல் ஆளாகச் சேர்ப்பார்கள்? இங்கே அவன்தான் முன்வரிசை. ஒல்லியாக வேகமாக ஓடுபவன் பந்தைப் பிடிப்பான். நன்றாக உதைக்கத் தெரிந்தவனுக்கு அது மட்டுமே வேலை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆடுகிறார்கள். அங்கே ஆண் பிள்ளைகள் அதிகம் சேரும் பள்ளி விளையாட்டு இதுதான். சின்ன ஊர்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளி மேட்ச் என்றால் ஊரே மைதானத்தில் இருக்கும். பணம் இல்லாத குடும்பத்துப் பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் இல்லாமல் படிக்க இது ஒரு வழி. இதையெல்லாம் மறந்துவிட்டு ‘ஆபத்து, தடை பண்ணுங்க’ என்று சொல்வது சுலபம்.

ஹெல்மெட் வந்தது, பிரச்சினையும் வந்தது

தடை பண்ணும் பேச்சு புதுசும் இல்லை. 1905-லேயே எழுந்தது. அந்த ஒரே ஆண்டில் 18, 19 பேர் இந்த ஆட்டத்தில் செத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அப்போதைய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். அவருடைய மகனும் அப்போது ஹார்வர்டில் இந்த ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். 1906-ல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று வந்தது அப்போதுதான். கும்பலாக முட்டி மோதுவதைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. இன்றைக்கு ஆட்டத்தின் அழகே அந்த எறிதல்தான்.

அடுத்து ஹெல்மெட். முதலில் தோலில் செய்தார்கள், பிறகு கெட்டி பிளாஸ்டிக் வந்தது. மண்டை உடைவது குறைந்தது. ஆனால் கூடவே ஒரு தைரியமும் வந்துவிட்டது. தலைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் வீரர்கள் தலையையே ஈட்டி மாதிரி முன்னால் நீட்டி மோத ஆரம்பித்தார்கள். பயிற்சியாளர்களே அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள். விளைவு, 1968-ல் மட்டும் ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக 36 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் தலை, கழுத்துக் காயம்.

1976-ல் தலையால் முட்டித் தாக்குவதற்குத் தடை வந்தது. ஹெல்மெட்டுக்கும் தரக் கட்டுப்பாடு வந்திருந்தது. 1990-ல் நேரடி அடியால் இறந்தவர்கள் எண்ணிக்கை பூஜ்ஜியம். விதியை மாற்றினால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் விளையாட்டு உலகத்தில் குறைவு.

அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தூக்குவாளியில் தயிர்

எவர்சில்வர் தூக்குவாளியில் கெட்டித் தயிரை வைத்து பைக்கில் எடுத்துப் போகிறீர்கள். வழியெல்லாம் குண்டும் குழியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் வாளியில் ஒரு கீறல்கூட இருக்காது. மூடியைத் திறந்தால் தயிர் கலங்கிப்போயிருக்கும். ஹெல்மெட்டும் மண்டை ஓடும்தான் அந்த வாளி. மூளை உள்ளே திரவத்தில் மிதக்கிற மென்மையான உறுப்பு. வேகமாகப் போகும் தலை சட்டென்று நின்றால், உள்ளே இருக்கும் மூளை நிற்காது. அது நகரும், முறுகும், இழுபடும். வெளியே எத்தனை கெட்டியான கவசம் போட்டாலும் இதை முழுசாகத் தடுக்க முடியாது.

பெரிய அடி என்றால் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வரும். அதைத்தான் கன்கஷன் என்கிறார்கள். வீரரை வெளியே உட்கார வைப்பார்கள். ஆனால் சின்னச் சின்ன மோதல்கள்? எந்த அறிகுறியும் இருக்காது. முன்வரிசை வீரர் ஒவ்வொரு நகர்விலும் எதிரே நிற்பவரோடு மோதுகிறார். ஒரு மேட்ச்சில் பல டஜன் தடவை. அது போக வாரம் முழுக்கப் பயிற்சி.

இதன் விலை என்ன என்பது 2002-ல் தெரிய ஆரம்பித்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக 4 சூப்பர் பௌல் வென்றவர் மைக் வெப்ஸ்டர். ஆடிய இடம் முன்வரிசையின் நட்ட நடு. 17 சீசன் ஆடினார். ஓய்வுக்குப் பிறகு ஞாபக மறதி, குழப்பம், மன அழுத்தம். கையில் இருந்த பணமெல்லாம் போய், சில காலம் தன் வண்டியிலேயே தூங்கினார். 50 வயதில் இறந்தார். உடற்கூராய்வு செய்தவர் நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு என்ற டாக்டர். வெளியே சாதாரணமாகத் தெரிந்த மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, டாவ் என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. சி.டி.இ. எனப்படும் மூளைச் சிதைவு நோய் அது. ஒமாலுவின் கதையைத்தான் 2015-ல் வில் ஸ்மித் நடிப்பில் ‘கன்கஷன்’ என்று படமாக எடுத்தார்கள்.

என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறை லீக் பல வருஷம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2016-ல்தான் அதன் அதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழு முன்பு ‘தொடர்பு இருக்கிறது’ என்றார். முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில் இதுவரை 100 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆய்வு செய்யப்பட்ட முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகள் 111. அதில் 110-ல் சி.டி.இ. இருந்தது. உடனே ‘99 சதவீதம் பேருக்கு வரும்’ என்று ஷேர் பண்ணக் கூடாது. வாழ்ந்தபோதே பிரச்சினை இருந்ததால் சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் கொடுத்தன. எல்லா வீரர்களிலும் எத்தனை பேருக்கு வரும் என்பதை அந்த எண் சொல்லாது. உயிரோடு இருப்பவருக்கு இந்த நோயை உறுதி செய்யும் பரிசோதனையும் இன்னும் கிடையாது.

ஆனால் அதே குழு பிறகு கண்டுபிடித்த ஒரு விஷயம் முக்கியம். எத்தனை முறை கன்கஷன் வந்தது என்பது நோயோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. எத்தனை வருஷம் ஆடினார், மொத்தம் எவ்வளவு அடி தாங்கினார் என்பதுதான் பொருந்தியது. அதாவது ரீப்ளேயில் வராத அந்தச் சின்ன மோதல்களின் கூட்டுத்தொகை.

மற்ற விளையாட்டுகள் மட்டும் பத்திரமா?

இல்லை. பாக்ஸிங்கில் இந்தப் பாதிப்பை 1928-லேயே ஒரு டாக்டர் எழுதிவிட்டார். அங்கே தலையில் அடிப்பதுதானே ஆட்டமே.

ரக்பியில் ஹெல்மெட் இல்லை, அதனால் தலையைக் கொடுக்க யோசிப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. ரக்பியில் பந்து வைத்திருப்பவரை மட்டும்தான் வீழ்த்தலாம். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தே இல்லாதவர்களும் ஒவ்வொரு முறையும் மோதிக்கொள்கிறார்கள். பெரிய வித்தியாசம் அது. ஆனால் 2003-ல் இங்கிலாந்துக்காக ரக்பி உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்சனுக்கு 42 வயதிலேயே டிமென்ஷியா. அந்தக் கோப்பையை வென்றதே ஞாபகம் இல்லை என்று சொன்னார் மனுஷன்.

நம்ம ஊர் கால்பந்தில் தலையால் பந்தை முட்டுவது உண்டே? 2019-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வில், முன்னாள் தொழில்முறை கால்பந்து வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதே வீரர்களுக்கு மாரடைப்பு, நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் குறைவு என்றும் அந்த ஆய்வே சொன்னது. விளையாட்டு உடம்புக்கு நல்லது, தலையில் அடி படாத வரைக்கும்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு 2014 நவம்பர் மறக்காது. பவுன்சர் கழுத்தில் பட்டு 25 வயது ஃபில் ஹியூஸ் இறந்தார். ஆனால் கிரிக்கெட்டில் தலையில் அடி படுவது விபத்து, அன்றாட வேலை கிடையாது. 2019-ல் ஐ.சி.சி. கன்கஷன் மாற்று வீரர் விதியைக் கொண்டுவந்தது. 2020-ல் கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதில் சாஹல் வந்து 3 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவைக் கடுப்பேற்றினாரே, அது இந்த விதியால்தான். நம்ம நடராஜன் டி20-ல் அறிமுகமான அதே மேட்ச்.

இப்போ என்ன மாறியிருக்கு?

2024 முதல் என்.எஃப்.எல்.-லில் ஆட்டத்தைத் தொடங்கும் கிக் ஆஃப் விதி மாறிவிட்டது. இரு அணியும் தூரத்திலிருந்து ஓடிவந்து மோதாமல் கிட்டக்கிட்ட நின்று ஆரம்பிக்க வேண்டும். ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை போன்ற உறை போட்டும் ஆடலாம். பார்க்கக் காளான் மாதிரி இருக்கும், அதனாலேயே பலர் போடுவதில்லை.

தொழில்முறை வீரர்களுக்காவது சம்பளம் இருக்கிறது, முடிவெடுக்கும் வயதும் இருக்கிறது. 2015-ல் கிறிஸ் போர்லண்ட் என்ற 24 வயது வீரர், ஒரே ஒரு சீசன் அருமையாக ஆடிவிட்டு, தலைக்கு என்ன ஆகும் என்று யோசித்து விலகிவிட்டார். எட்டு வயதுப் பையனால் அப்படி யோசிக்க முடியாது. ஆடிய வருஷங்களின் கணக்குதான் முக்கியம் என்றால், அந்தக் கணக்கு எந்த வயதில் தொடங்குகிறது என்பதும் முக்கியம். அதனால்தான் அமெரிக்கப் பெற்றோர் பலர் பிள்ளைகளை ஃப்ளாக் ஃபுட்பால் பக்கம் அனுப்புகிறார்கள். அதே பந்து, அதே எறிதல், அதே திட்டங்கள். ஆனால் ஆளைத் தள்ளக் கூடாது. இடுப்பில் தொங்கும் நாடாவை உருவிவிட்டாலே அவுட் மாதிரி, ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். ஹெல்மெட், தோள் கவசம் எதுவும் தேவையில்லை.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த ஃப்ளாக் ஃபுட்பாலை நாமும் பார்க்கப் போகிறோம். அணிக்கு 5 பேர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் போட்டி. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்தில்தான் இதற்கு ஓகே சொன்னார்கள், கிரிக்கெட்டுக்கு ஓகே சொன்ன அதே கூட்டத்தில்.