கரிசல் காட்டுச் சிறு உழவரைக் காப்போம்

எத்தொழில் நின்றாலும் சில நாள் சமாளித்துவிடலாம். உழவுத் தொழில் நின்றால் அடுப்பெரியாது. அதனால்தான் திருவள்ளுவர் உழவுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். உழவின் பெருமையைப் பேசாத மேடை இல்லை. ஆனால், நம் விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்துப் பாடுபடும் ஒரு குடும்பம், தான் விளைவித்த மிளகாய் வற்றலை என்ன விலைக்கு விற்கிறது, ஏன் அந்த விலைக்கு விற்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

சிறு உழவர் யார்?

ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக நிலம் உள்ளவரைக் குறு விவசாயி என்றும், ஒன்று முதல் இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவரைச் சிறு விவசாயி என்றும் அரசு வகைப்படுத்துகிறது. இரண்டு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ ஐந்து ஏக்கர். 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 100 விவசாயிகளில் 86 பேர் இவ்விரு வகையினரே. 1970-71இல் ஒருவருக்குச் சராசரியாக 2.28 ஹெக்டேர் இருந்தது. 2015-16இல் அது 1.08 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டிலோ முக்கால் ஹெக்டேர்தான். பாட்டனார் உழுத காடு பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் பாகம் பிரியப் பிரிய, நிலம் குறைகிறது. செலவு மட்டும் குறைவதில்லை.

நம் மண்ணும் மழையும்

நம் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள வத்திராயிருப்பு, இராஜபாளையம் பக்கம் நெல்லும் தென்னையும் உண்டு. சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கங்களில் பெரும்பாலும் கரிசல் காடுதான். கரிசல் மண் பெய்த மழையைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பியே பருத்தி, மக்காச்சோளம், கம்பு, உளுந்து, பாசி, மல்லி, மிளகாய் ஆகியவற்றை மானாவாரியாக விதைக்கிறார்கள். மழை பொய்த்தால் விதைத்த விதையும் வீண். மழை மிஞ்சினால் பூவும் பிஞ்சும் உதிரும்.

இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து நட்டப்பட்ட குடும்பம் நிலத்தைத் தரிசாகப் போடுகிறது. தரிசில் சீமைக்கருவேலம் புகுந்துவிடும். அதை வேரோடு எடுத்து மீண்டும் உழுவதற்கு ஆகும் செலவு சிறு உழவரால் தாங்க முடியாதது. ஆகவே, ஒரு முறை விட்ட நிலம் பெரும்பாலும் விட்டதுதான்.

பட்டாசும் பயிரும்

மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இதே தட்பவெப்பம்தான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதாயிற்று. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவந்தனர். அதன் பின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் மூன்றும் இங்கே வளர்ந்தன. வானம் பார்த்த பூமியில் பசித்திருந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன. அதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆயினும், ஒரே தொழிலை நம்பியிருப்பதன் ஆபத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளுக்குக் கடுங்கட்டுப்பாடுகள் விதித்தபின், ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. அத்தகைய நாட்களில் கையகல நிலமும் ஒரு பசுமாடும் உள்ள வீட்டுக்கும், எதுவுமே இல்லாத வீட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. நிலம் செல்வம் தராவிட்டாலும், வேறு வழியே இல்லை என்ற நிலை வராமல் காக்கிறது. இதுவே நம் வட்டாரத்தில் சிறு நிலங்களைக் காக்க வேண்டியதன் முதற் காரணம்.

விலை எங்கே போகிறது?

விருதுநகர் நகரத்துக்குள் மிளகாய் விளையாது. மிளகாயின் விலை அங்கேதான் விளைகிறது. வற்றல், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றுக்கு அது புகழ்பெற்ற வணிக ஊர். வணிகர் இல்லாமல் சரக்கு ஊர் கடக்காது. ஆனால் விலை பேசும் இடத்தில் சிறு உழவரின் கை தாழ்ந்திருக்கிறது. ஏன்?

முதலாவது, கடன். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனை அறுவடையானதும் திருப்ப வேண்டும். இரண்டாவது, எல்லோருக்கும் அறுவடை ஒரே சமயத்தில் வருகிறது. அப்போது வரத்து மிகுந்து விலை விழுகிறது. மூன்றாவது, வைத்திருந்து விற்க வீட்டில் இடமில்லை. நான்காவது, அவரிடம் இருப்பதோ நாலைந்து மூட்டை. அதற்கு வண்டி வாடகை, சுமைகூலி, கமிஷன் போக மிஞ்சுவது சொற்பம். பருத்தி, மக்காச்சோளம், உளுந்து முதலியவற்றுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. மிளகாய்க்கும் மல்லிக்கும் அதுவும் கிடையாது. ஆகவே, சிறு உழவர் தோற்பது பெரும்பாலும் காட்டில் அன்று. களத்துமேட்டுக்கும் கடைக்கும் இடையில்தான்.

தீர்வுகள்

காய்கறி விளைவிப்போருக்கு நல்ல வழி உழவர் சந்தை. 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயி, இடைத்தரகரின்றித் தாமே விற்கலாம், தராசு இலவசம், அன்றைய விலை பலகையில் எழுதப்படும். மண்டி விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், கடை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் விலை அமைய வேண்டும் என்பது நோக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கத்தரிக்காய் மண்டியில் கிலோ 20 ரூபாய், கடையில் 30 ரூபாய் என்று கொண்டால், உழவர் சந்தையில் 24 அல்லது 25 ரூபாய் இருக்கும். விற்றவருக்கும் இலாபம்; வாங்கியவருக்கும் இலாபம்.

வற்றலும் பருத்தியும் இப்படிச் சில்லறையில் விற்கும் பொருள்கள் அல்ல. அவற்றுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் உள்ளன. அங்குள்ள கிடங்கில் சரக்கை வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். அவசரச் செலவு தீரும். விலை ஏறும்வரை காத்திருக்கவும் முடியும். பலர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்தால், நாலு மூட்டைக்காரர்கள் நூறு பேர் சேர்ந்து நானூறு மூட்டைக்கு விலை பேசலாம்.

சேர்ந்தால் பலன் உண்டா என்று ஐயுறுவோர் பாலைப் பார்க்கட்டும். 1946இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த எளிய மக்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தனர். அதுவே அமுல் ஆயிற்று. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பாலை ஊரிலேயே பண்டமாக்கியதால் ஊருக்குப் பேரும் பிழைப்பும் வந்தன. நம் வற்றலையும் பருப்பையும் ஊரிலேயே பொடியாக்கி, உடைத்து, பொட்டலமிட்டு விற்கும் சங்கங்கள் பெருகினால், இலாபத்தின் ஒரு பங்கு விதைத்தவர் வீட்டுக்கும் போகும்.

நம் கடமை

திருச்சபையும் இதை வலியுறுத்துகிறது. திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் வெளியிட்ட சுற்றுமடலில், குடும்பப் பண்ணைகளைப் பற்றியும் விவசாயிகளின் கூட்டுறவைப் பற்றியும் பேசினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில், சிறு உற்பத்தியாளருக்குத் துணை நிற்பது அரசுகளின் கடமை என்றார். ஐக்கிய நாடுகள் அவை 2019 முதல் 2028 வரையுள்ள ஆண்டுகளைக் குடும்ப வேளாண்மைக்குரிய பத்தாண்டாக அறிவித்துள்ளது.

பெரிய திட்டங்களை அரசு செய்யட்டும். கண்மாய்களைத் தூர்வாரட்டும், கிடங்குகளைப் பெருக்கட்டும். மாணவியராகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டுக்குக் காய்கறி வாங்கும் பொறுப்பை வாரத்தில் ஒரு நாள் நாம் ஏற்று, உழவர் சந்தைக்குப் பை எடுத்துச் செல்லலாம். அங்கே பலகை விலைக்குமேல் பேரம் பேசாதிருக்கலாம். தூரத்திலிருந்து வரும் பண்டங்களுக்கு முன், வெயிலுக்கு ஏற்ற சாத்தூர் வெள்ளரியையும், நம் காட்டுக் கம்பையும் சோளத்தையும் வாங்கலாம். விடுதிச் சமையலுக்கும் பள்ளி விழாக்களுக்கும் வேண்டிய வற்றல், பருப்பு ஆகியவற்றை உழவர் குழுக்களிடம் வாங்குமாறு பெரியோரிடம் பணிவோடு வேண்டலாம். பொருளீட்டுக் கடன் பற்றி அறியாத உறவினருக்கு அதை எடுத்துச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். நாம் கற்ற கல்விக்கு இதைவிட நல்ல பயன் வேறென்ன?

விதைப்பவர் உவமையை ஆலயத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். நல்ல நிலத்தில் விழுந்த விதை நூறு மடங்கு பலன் தந்தது. அந்த நூறு மடங்கில் விதைத்தவருக்கு நியாயமான பங்கு கிடைக்கச் செய்வது, வாங்கி உண்ணும் நம் அனைவரின் பொறுப்பு. அடுத்த ஐப்பசியிலும் நம் கரிசல் காடுகளில் ஏர் பூட்டும் ஓசை கேட்கட்டும்!

வாழ்க உழவர்! வளர்க நம் மாவட்டம்!