மலத்தில் வைரஸ் இருந்தால் மட்டும் போதுமா?

ஒரே மல மாதிரியில் இருபதுக்கும் மேற்பட்ட கிருமிகளை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தேடிச் சொல்லும் பிசிஆர் கருவிகள் இன்று பெரிய ஆய்வகங்களுக்கு வந்துவிட்டன. வயிற்றுப்போக்குடன் வந்த குழந்தையின் அறிக்கையில் நோரோ வைரஸ் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால், காரணம் அகப்பட்டுவிட்டதாகப் பெற்றோர் நினைப்பது இயல்பு. ஆனால் சிறு குழந்தைகளின் குடலில் வைரஸைக் கண்டுபிடிப்பது இப்போது எளிது. இந்தப் பேதிக்கு அந்த வைரஸ்தான் காரணம் என்று நிறுவுவதே கடினம். இந்தப் பரிசோதனைகளை யாருக்காகச் செய்ய வேண்டும் என்பதும் இதை வைத்தே முடிவாக வேண்டியது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சிக்கல் நேர்மாறாக இருந்தது. மலத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் பாக்டீரியாதான் தெரியும். அது இல்லையென்றால் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட ஒன்பது குழந்தைகளின் சிறுகுடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, ஆறு பேரிடம் ஒரு வைரஸைக் கண்டனர். ரோட்டா வைரஸ் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் வைரஸ்களாவது இருந்தால்தான் அந்த நுண்ணோக்கிக்குத் தட்டுப்படும். ரோட்டா தாக்கிய குழந்தையின் ஒரு கிராம் மலத்திலோ ஆயிரம் கோடிக்கும் மேல் இருக்கும். மந்தமான கருவிதான்; ஆனால் அதன் கண்ணில் பட்டது பெரும்பாலும் உண்மைக் குற்றவாளியாகவே இருந்தது. பின்னர் வந்த எலைசா முறையும் வைரஸின் புரதம் கணிசமாக இருந்தால்தான் நிறம் காட்டும். பிசிஆர் அப்படியல்ல. மிகச் சில மரபணு நகல்களையும் பெருக்கிக் காட்டிவிடும். சில வாரங்களுக்கு முன் வந்துபோன தொற்றின் மிச்சமும், நோயே உண்டாக்காமல் தங்கியிருக்கும் வைரஸும் அதற்கு ஒன்றுதான்.

இது வெறும் ஐயமல்ல. 2007 முதல் 2011 வரை கொல்கத்தா உட்பட ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழு இடங்களில் நடந்த ‘ஜெம்ஸ்’ ஆய்வு, ஓரளவு முதல் கடுமையான பேதி வரை கண்ட 9,439 குழந்தைகளோடு, பேதி இல்லாத 13,129 குழந்தைகளின் மலத்தையும் சோதித்தது. நோயுற்றவர்களில் 83 சதவீதத்தினரிடம் வைரஸோ பாக்டீரியாவோ ஒட்டுண்ணியோ ஒன்றாவது இருந்தது. நலமாக இருந்தவர்களிலும் 72 சதவீதத்தினரிடம் இருந்தது! ஆரோக்கியமான குழந்தையோடு ஒப்பிடாத எந்த எண்ணும் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே ஆய்வின் மாதிரிகளை அளவறியும் பிசிஆரால் மீண்டும் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டபோது, ‘இருக்கிறதா’ என்பதோடு ‘எவ்வளவு இருக்கிறது’ என்றும் கேட்டார்கள். குடலைத் தாக்கும் அடினோ வைரஸ் 40, 41 வகைகளின் பங்கு முதலில் கணித்ததைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கானது. நுண்மையான கருவியால் குழப்பம்தான் மிஞ்சும் என்று சொல்லிவிட முடியாது. அளவும் ஒப்பீடும் சேர்ந்தால், முன்பு தப்பியவையும் சிக்குகின்றன.

எந்த வைரஸ் என்று தெரிந்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தவிர்க்கலாமே என்று சிலர் வாதிடுவர். நியாயமான கேள்விதான். ஆனால் இரத்தம் கலக்காத நீர்ப் பேதிக்கு, காலரா சந்தேகம் போன்ற சூழல் இல்லாவிட்டால், ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பது பரிசோதனை செய்யாமலே தெரிந்த விதி. அதைப் பின்பற்ற விரும்பாத மருத்துவரை ஓர் அறிக்கை திருத்திவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரோட்டாவோ நோரோவோ எதுவானாலும் சிகிச்சை ஒன்றே: ஓஆர்எஸ் கரைசல், தொடர்ந்து தாய்ப்பாலும் உணவும், 14 நாள் துத்தநாகம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கும், வார்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் தொற்றுக்கும் பரிசோதனை உதவும். மற்றபடி பெற்றோர் கைக்காசு செலவழித்துச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியானால் பரிசோதனையே வீணா என்றால், அதுவும் தவறு. இந்தியாவில் 2005இல் ஐசிஎம்ஆர் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பு, பேதிக்காக மருத்துவமனையில் சேர்ந்த ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரிடம் ரோட்டாவைக் கண்டது. தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து 2016இல் சேர்ந்ததற்கு இத்தகைய எண்கள் வலுவான ஆதாரமாயின. தமிழகத்தில் அது 2017இல் வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சொட்டு மருந்துகளில் ஒன்றான ரோட்டாவாக்கின் மூல வைரஸ் டெல்லி எய்ம்ஸில் பேதி எதுவும் இல்லாத பச்சிளங் குழந்தைகளிடமிருந்து கிடைத்தது. வைரஸ் இருந்தும் நோய் இல்லாத நிலையே இங்கு மருந்தாயிற்று. டெல்லி, புனே, வேலூரில் நடந்த சோதனையில் அது முதல் ஆண்டில் கடும் ரோட்டா பேதியை ஏறத்தாழ 56 சதவீதம் தடுத்தது. முழுப் பாதுகாப்பு இல்லை என்பதால்தான் சொட்டு மருந்து பெற்ற பிறகும் யார், எந்த வகை ரோட்டாவால் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அங்கும் கவனம் தேவை: சொட்டு மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸும் சில நாட்கள் மலத்தில் வெளியேறும், பிசிஆர் அதையும் ‘பாசிட்டிவ்’ என்றே சொல்லும்.

ஆகவே இந்தச் செலவை அரசும் ஆய்வு நிறுவனங்களும் ஏற்க வேண்டும்; நலமான குழந்தைகளின் மாதிரியையும் சேர்த்து, அளவோடு வெளியிட வேண்டும். பெற்றோர் பார்க்க வேண்டியவை வேறு. கண் குழிதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல், குடிக்க முடியாமை, மலத்தில் இரத்தம்: இவற்றில் ஒன்று தென்பட்டாலும், எந்த அறிக்கைக்கும் காத்திராமல் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வழியிலும் ஓஆர்எஸ் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.