அவியாத கௌபியும் முளைக்கும் பயறும்

நிவாரணப் பொதியில் அரிசி, மா, பருப்பு வந்தால் அன்றைக்கே பானை அடுப்பேறிவிடும். கௌபியோ கடலையோ வந்தால் கதை வேறு. "இது அவியாத சாமான்" என்று சொல்லிச் சாக்கை ஒரு மூலையில் சாத்திவிடுவார்கள். சிலர் கடைக்காரரிடம் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் பாண் வாங்கிக்கொண்டு வருவார்கள். இரண்டு மணித்தியாலம் எரித்தும் கல்லுப்போலக் கிடக்கும் கௌபியைப் பிள்ளைகளின் முன் வைத்த தாயைக் கேட்டால், அவளது பக்கத்தில் நியாயம் இருப்பது தெரியும்.

அந்த நியாயம் விறகு பற்றியது. 1990 இல் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் பாவித்த வீடுகளை எம்மில் பலர் மறக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட சனம் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழல்களில் மூன்று கல் வைத்துச் சமைத்தது. 2009 இல் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு ஒரு கட்டுச் சுள்ளி பெரிய சொத்தாக இருந்தது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நட்ட பற்றைகளுக்குள் விறகுக்காகக் கால்வைத்த பெண்களும் உண்டு. போர் முடிந்து பல ஆண்டுகளின் பின், 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, நகரத்தவர்களுக்கும் இந்தக் கணக்கு விளங்கியது. ஆகவே கௌபியை எப்படி அவிப்பது என்பது சமையற் குறிப்பு மாத்திரமல்ல. ஒரு குடும்பம் ஒரு நாளில் எத்தனை விறகு எரிக்கிறது, அந்த விறகுக்கு யார் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதும் அதற்குள் இருக்கின்றது.

நூறு கிராம் உலர்ந்த பயற்றிலோ கௌபியிலோ ஏறக்குறைய 23, 24 கிராம் புரதம் உண்டு. அதே நிறை அரிசியில் 7 கிராம் அளவுதான். மீனும் முட்டையும் எட்டாத குடும்பத்தில் பிள்ளைகளின் தசை வளர்வதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. சோற்றோடு சேரும்போது இதன் பெறுமதி இன்னும் கூடுகின்றது. அரிசியில் குறைவாக உள்ள ஒருவகைப் புரதக்கூறு பயற்றில் நிறைய உண்டு. பயற்றில் குறைந்தது அரிசியில் இருக்கின்றது. எமது பாட்டிமார் பயற்றங்கஞ்சி காய்ச்சியது நாக்கு ருசிக்காக மட்டுமல்ல.

ஏன் அவிவதில்லை?

முதலில் பழைய சரக்கு. வெக்கையான, ஈரப்பதனான களஞ்சியத்தில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த கௌபி இறுகிப்போகும். அறுவடை செய்த புதிதில் முக்கால் மணித்தியாலத்தில் அவிந்தது, பின்னர் இரண்டு மணித்தியாலம் கேட்கும். நிவாரணமாக வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சரக்குத்தான்.

இரண்டாவது தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அங்குள்ள கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் காணலாம். அதே சுண்ணாம்புச் சத்து பயற்றின் தோலையும் உள்ளிருக்கும் பசையையும் இறுக்கிப் பிடிக்கின்றது. மாரியில் பிடித்த மழைநீர் கையில் இருந்தால் ஊறப்போடவும் அவிக்கவும் அதைப் பாவியுங்கள். முதல் மழையில் கூரை கழுவப்பட்டபின் பிடித்ததாக இருக்கட்டும்.

மூன்றாவது புளி. பழப்புளி, தக்காளி, தேசிக்காய் எதுவானாலும் அவியுமுன் விட்டால் பயறு அவியாது. விரலால் நசுக்கிப் பார்த்து மெதுமையானபின் புளி விடவேண்டும்.

உப்புப் போட்டால் அவியாது என்று எமது குசினிகளில் ஒரு நம்பிக்கை உண்டு. இது சரியல்ல. ஊறப்போடும் தண்ணீரிலேயே லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்தால், உப்பு தோலில் உள்ள சுண்ணாம்பை வெளியேற்றி அதை இளக்குகின்றது. மறுநாள் நன்றாகக் கழுவிவிட்டு அவித்தால் வித்தியாசம் தெரியும். முளைக்க வைக்கும் பயற்றுக்கு மட்டும் உப்பு ஆகாது, முளை கெட்டுவிடும். மிகவும் பழைய கடலைக்கு ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடலாம். எனினும் அது பி வகை விற்றமின் ஒன்றை அழிப்பதால் தினமும் செய்யத் தக்கதல்ல.

ஊறப்போடும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனாலும் அளவு முக்கியம். சுளகில் கொழித்து, கல்லும் உடைந்ததும் பூச்சி அரித்ததும் பொறுக்கி, ஒரு சுண்டு பயற்றுக்கு மூன்று சுண்டு தண்ணீர் விடுங்கள். பயறு 6 மணித்தியாலம், கௌபி 8, கடலை 10 முதல் 12 மணித்தியாலம் ஊறவேண்டும். எமது வெக்கையில் அதற்கு மேல் விட்டால் நுரைத்துப் புளிக்கும். விடவேண்டி வந்தால் இடையில் தண்ணீரை மாற்றுங்கள். இரவு ஊறப்போட மறந்தால், காலையில் இரண்டு நிமிடம் கொதிக்க வைத்து இறக்கி, மூடி ஒரு மணித்தியாலம் வைத்தாலும் பெரும்பாலும் காரியம் நடக்கும். ஊறிய தண்ணீரை ஊற்றிவிடுவது நல்லது. வயிற்றில் வாய்வு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதனோடு போய்விடும். தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றச் சொல்வது கொடுமை என்று தெரியும். உப்புப் போடாத தண்ணீரானால் கொட்டிலடியில் நிற்கும் மிளகாய்க் கன்றுக்கு விடுங்கள்.

உடைத்த மைசூர்ப் பருப்புக்கு இந்தப் பாடு ஒன்றும் தேவையில்லை.

கடகத்துக்குள் ஒரு அடுப்பு

விறகை மிச்சப்படுத்த ஒரு பழைய உபாயம் உண்டு. வெளிநாடுகளில் வைக்கோல் பெட்டி என்று சொல்லிப் போர்க்காலங்களில் பாவித்தார்கள். எம்மிடம் பெட்டிக்குப் பதில் பனையோலைக் கடகம் இருக்கின்றது. பெரிய கடகத்தின் அடியிலும் சுற்றிலும் நான்கு விரற்கிடையளவு காய்ந்த வைக்கோலை இறுக்கி அடைத்து, நடுவில் பானை இருக்க ஒரு குழி விடுங்கள். ஊறிய கௌபியைப் பானையில் தண்ணீர் விட்டு, பதினைந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். மூடியைத் திறக்காமல் பானையின் அடிக்கரியில் நெருப்புப்பொறி இல்லையென்று பார்த்து, கடகத்துள் இறக்கி, மேலே வைக்கோல் அடைத்த சாக்கொன்றைத் தலையணைபோல் அமுக்கி மூடுங்கள். இரண்டு அல்லது மூன்று மணித்தியாலம் அதைத் திறந்து பார்க்கக்கூடாது. பிள்ளைகள் எட்டிப் பார்க்காமல் காவலிருப்பதுதான் இதிலுள்ள கடினமான வேலை.

வெளியே எடுத்தபின் மீண்டும் ஒருமுறை கொதிக்க வைத்தே உண்ணவேண்டும். பானை நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும். கால் பானையளவு கௌபிக்கு இது சரிவராது. பழைய சரக்கானால் முதற் கொதியை அரை மணித்தியாலமாக்குங்கள். சிறுநீரக வடிவான பெரிய சிவப்பு அவரை விதை பொதியில் வந்தால் கூடிய கவனம் தேவை. அதில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் நன்றாகக் கொதித்தால் அது அழியும். கொதிக்காமல் இளஞ்சூட்டில் வைத்தால் நஞ்சு கூடுமேயொழியக் குறையாது. வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். அந்த விதையைக் கடகத்துக்குள் வைக்காமல் அடுப்பிலேயே முழுவதும் அவிப்பது பாதுகாப்பு.

முளைப்பயறு

மரக்கறி கிடைக்காத இடத்தில் முளைப்பயறு பெரிய உதவி. உலர்ந்த பயற்றில் விற்றமின் சி இல்லையென்றே சொல்லலாம். முளைவிட்டதும் விதை அதைத் தானாகவே உண்டாக்கிக்கொள்கின்றது. முரசு வீங்கி இரத்தம் கசியும் 'ஸ்கேர்வி' நோய் கண்ட படையினருக்கு, முதலாம் உலகப் போர்க் காலத்தில் மருத்துவர்கள் முளைவிட்ட அவரையைக் கொடுத்துச் சுகப்படுத்தினார்கள். தோட்டமில்லாமல், வெயில் பட ஒரு சாண் நிலமில்லாமல், தறப்பாள் கொட்டிலின் வளையில் தொங்கும் ஒரு துணிப் பொட்டலத்தில் ஒரு குடும்பம் பச்சை உணவை ஆக்கிக்கொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு. உடலில் இரும்புச்சத்துச் சேர்வதைத் தடுக்கும் பொருளொன்று பயற்றில் இருக்கின்றது. முளைக்கும்போது அதுவும் குறைகின்றது. கர்ப்பிணிகளுக்கும் இரத்தம் குறைந்த பிள்ளைகளுக்கும் இது பெரிய காரியம்.

ஊறிய பயற்றைக் கழுவி வடித்து, கொதிநீரில் அவித்து உலர்த்திய பழைய வேட்டித் துண்டில் தளர்வாக முடிந்து நிழலில் தொங்கவிடுங்கள். காலை, மதியம், மாலை மூன்று முறை கொதித்தாறிய நீரைத் தெளியுங்கள். ஒரு நாளில் பயறு வெள்ளை மூக்கு நீட்டும். கௌபிக்கு ஒன்றரை நாள், கடலைக்கு இரண்டு நாள் வேண்டும். முளை அரை விரல் நீளத்துக்கு மேல் போகத் தேவையில்லை. உடைத்த பருப்பு முளைக்காது. ஊறாமல் கல்லாகக் கிடக்கும் மணிகளைப் பொறுக்கிவிடுங்கள், பிள்ளைகளின் பல்லைப் பதம்பார்க்கும். புளித்த மணமோ வழுவழுப்போ இருந்தால் தயங்காமல் வீசுங்கள்.

முளைப்பயற்றைப் பச்சையாகத் தின்பதே சத்து என்று எழுதுவோர் உண்டு. நல்ல தண்ணீரும் குளிரூட்டியும் உள்ள வீடுகளுக்கு அது எப்படியோ, முகாமுக்கும் கொட்டிலுக்கும் அந்தப் புத்திமதி பொருந்தாது என்பதே எமது அபிப்பிராயம். பயறு முளைக்கும் ஈரமும் வெக்கையும் கிருமிகளுக்கும் பிடித்தமானவை. 2011 இல் வசதிகள் நிறைந்த ஜேர்மனியிலேயே பச்சை முளைகளால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆகவே ஐந்து நிமிடம் ஆவியில் அவித்தே உண்ணுங்கள். விற்றமினில் ஒரு பங்கு போனாலும் மிகுதி இருக்கும். இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழிந்தால் போனதையும் ஈடுசெய்யலாம். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தை மட்டும் ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள். வெறுந்தேநீர் இரும்புச்சத்தை உடலிற் சேரவிடாது.

சமைப்பதற்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஆவியில் அவித்த முளைப்பயற்றைக் கொட்டிப் பிரட்டி, உப்பும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் போட்டு இறக்குங்கள். எண்ணெய் இல்லாத நாளில் தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போதும். ஒரு பிடி முருங்கை இலை கிடைத்தால் அதையும் சேருங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு, முளைப்பயற்றைக் குழைய அவித்து மசித்து, கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். சமைத்ததை மறுநாளுக்கு வைக்கவேண்டாம்.

விதைக்கென்று வைத்தது

கமக்காரக் குடும்பத்துக்குப் பயறு உணவு மட்டுமல்ல. இடம்பெயர்ந்து வரும்போது நகையை விட்டுவிட்டு, ஒரு முடிச்சு உழுந்து விதையை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பசி கூடிய நாளில் அந்த முடிச்சிலே கண் போகும். ஏசா ஒரு கிண்ணம் கூழுக்காகத் தன் மூத்த மகன் உரிமையை விற்ற கதையைக் கோயிலிற் கேட்கும்போது அவனை மூடனென்று நினைக்கிறோம். பசித்த வயிற்றோடு கேட்டால் அவ்வளவு இலேசாகச் சொல்லமுடியாது. ஆகவே உண்பதற்கும் விதைப்பதற்கும் உள்ளதை வந்த அன்றே இரண்டாகப் பிரித்து, விதைப் பங்கை வேறு பாத்திரத்தில், வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

விதையை இரண்டு மூன்று நாள் வெயிலிற் காயவிட்டு, ஆறியபின் போத்தலிலோ பேணியிலோ நிரப்பி வாயை மெழுகால் அடையுங்கள். விதையின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை வண்டின் முட்டைகள். ஒரு கிலோ விதைக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் பிரட்டினால் முட்டை பொரிக்காது. சாம்பல் கலந்து வைக்கும் பழைய வழக்கமும் நல்லதே.

நிறுவனங்கள் வழங்கும் விதைப் பொதியில் இளஞ்சிவப்பு அல்லது வேறு சாயம் பூசியிருந்தால் அது நஞ்சு தடவிய விதை. எத்தனை முறை கழுவினாலும் அவித்தாலும் உண்ணக்கூடாது, கோழிக்கும் போடக்கூடாது. அந்தச் சாக்கில் அரிசி கட்டுவதும் ஆபத்து.

காணிக்குத் திரும்பிப் போகும் குடும்பமோ, குத்தகைக்கு நிலம் எடுக்கும் குடும்பமோ, மாரி மழைக்கு முன் விதையைச் சோதித்துக்கொள்ளவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நூறு விதை எடுத்து, ஈரச் சாக்குத் துண்டில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஐந்தாம் நாள் விரித்து எண்ணுங்கள். எண்பதுக்கு மேல் முளைத்திருந்தால் வழமையான அளவில் விதைக்கலாம். அறுபது எழுபதானால் விதையைக் கூட்டிப் போடவேண்டும். ஐம்பதுக்குக் கீழே போனால் அந்த விதையை நம்பி உழவுக் கூலி கொடுக்கவேண்டாம். சாயமும் எண்ணெய் தவிர்ந்த வேறு மருந்தும் படாததென்றால் அதைப் பானைக்கு எடுத்துக்கொண்டு வேறு விதை தேடுங்கள். சோதனையில் முளைத்தவற்றை வீசாமல், கொட்டிலின் பின்பக்கம் ஈர மண்ணில் ஒரு சாண் இடைவெளி விட்டு ஊன்றிவிடுங்கள்.