காணாத கடையில் வாங்குமுன்



மாத்தளையில் மிளகு கொள்முதல் செய்யும் அனுபவசாலியான வியாபாரியைச் சற்று நின்று கவனித்தவர்கள் ஒன்றை அறிந்திருப்பார்கள். அவர் எடுத்தவுடன் விலையைக் கேட்பதில்லை. சாக்கினுள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். விரலிடையே நசுக்குவார், முகர்ந்து பார்ப்பார், ஐயம் எழுந்தால் நீரில் இடுவார். நிறைமணி தாழும், பதரும், மிளகோடு கலந்த பப்பாசி விதையும் மிதக்கும். சாக்கின் மேலே கிடப்பது விற்பவர் காட்ட விரும்புவது. அடியிலே கிடப்பதுதான் நாம் கொண்டுபோவது. இதுவே அவருடைய வாணிப ஞானம்.

இன்று நம் வீடுகளுக்குள் மற்றொரு சந்தை வந்துவிட்டது. கைத்தொலைபேசியின் திரையிலே திறந்திருக்கும் அந்த இணையவழிச் சந்தையில் புடவை உண்டு, புத்தகம் உண்டு, மின்விசிறி உண்டு. ஆனால் கையை விட்டுப் பார்க்கச் சாக்கு இல்லை. தொடுதலும் முகர்தலும் இயலாத இடத்தில் அவற்றின் வேலையைச் செய்வது எது? அதனையே இன்று ஆராய்வோம்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொரோனாத் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் தொலைபேசி வழியே நடக்கத் தொடங்கின. எங்கள் மாணவி ஒருத்தி சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். தோட்டத் தொழிலாளியான அவள் தந்தை, கடைத்தெரு விலையிற் பாதிக்கு ஒரு கைத்தொலைபேசி கிடைக்கும் என்று முகநூலில் வந்த விளம்பரத்தைக் கண்டார். இன்றே கடைசி நாள் என்றும் அதில் எழுதியிருந்தது. சேமிப்பையும் கைமாற்றையும் சேர்த்து, சொல்லப்பட்ட வங்கிக் கணக்கிற் செலுத்தினார். தொலைபேசி வரவில்லை. விற்றவரின் இலக்கமும் இரண்டொரு நாளில் மௌனமாயிற்று.

வங்கிச் சீட்டை என்னிடம் நீட்டி, “சேர், இவர்களை எங்கே போய்க் கேட்பது?” என்றார் அவர். சீட்டில் ஒரு கணக்கு இலக்கமும் ஒரு பெயரும் இருந்தன. முகவரி இல்லை; கடை இல்லை; பற்றுச்சீட்டும் இல்லை. அந்தப் பிள்ளை பல வாரங்கள் தோழியின் கொப்பியைப் பார்த்தே பாடங்களை எழுதினாள்.

நேயர்களே, அந்தத் தந்தை கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. அதனைக் கேட்ட காலந்தான் பிந்திவிட்டது. பணம் கொடுத்தபின் கேட்டதைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். நான் சொல்லப்போகும் எல்லாம் அந்த ஒரு கேள்வியின் கிளைகளே.

முதலாவது, விற்பவர் யார் என்று அறிதல். டராஸ் போன்ற பெருந்தளங்கள் பொதுச் சந்தையை ஒத்தவை. சந்தைக் கட்டடம் ஒருவருடையது. உள்ளே கடை விரித்திருப்போர் வேறு பலர். ஆகவே தளத்தின் பெயரோடு நில்லாது, அங்கே விற்பவரின் பெயரையும், அவர் எத்தனை காலமாய் விற்கிறார் என்பதையும் பார்த்தல் வேண்டும். தனித்து இயங்கும் கடையாயின், நிலையான முகவரியும், அழைத்தால் மனிதர் பேசும் தொலைபேசி இலக்கமும் இருத்தல் அவசியம். முகவரியின் எழுத்துகளையும் ஊன்றிப் பாருங்கள். புகழ்பெற்ற கடையின் பெயரில் ஓரெழுத்தை மாற்றிப் போலித் தளம் அமைப்போர் உளர். முகவரியின் அருகே தோன்றும் பூட்டுச் சின்னத்தைக் கண்டு சிலர் மனம் ஆறுவர். நாம் அனுப்பும் விவரத்தை வழியில் பிறர் படிக்க இயலாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று அந்தப் பூட்டு உறுதி கூறுவதில்லை.

இரண்டாவது, பொருளின் விவரணம். படத்தை மட்டும் நம்பிப் பாத்திரத்தின் கொள்ளளவையும் துணியின் நீள அகலத்தையும் ஊகித்தல் ஆகாது. எழுத்தில் உள்ள அளவைப் படிக்க வேண்டும். வாங்கியோர் கருத்துரைகளிற் புகழுரைகளை விட்டு, குறை கூறுவோர் சொல்வதை முதலிற் படியுங்கள். ஒரே நாளில், ஒரே பாணியில் வந்து குவிந்த பாராட்டுகள் சாக்கின் மேலே பரப்பிய நல்ல மிளகு போன்றவை. கைத்தொலைபேசி வாங்குவோர், அதன் 15 இலக்க அடையாள எண்ணை விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். அந்த எண்ணை 1909 என்ற இலக்கத்திற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அக்கருவி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா என்று சரிபார்க்கும் வசதி உண்டு.

மூன்றாவது, முழு விலை. அனுப்பும் கூலியும், கடல் கடந்து வரும் பொருளாயின் சுங்கத் தீர்வையும் சேர்ந்ததே உண்மை விலை. ஊரார் எவரும் தர இயலாத மலிவை ஒருவர் தருவதாகச் சொன்னால், அது எவ்வாறு அவருக்குக் கட்டுபடியாகும் என்று எண்ணிப் பார்த்தல் நலம். அவசரப்படுத்தும் விற்பனையில் ஆராய்வதற்கு இடம் வைப்பதில்லை.

நான்காவது, பணம் செலுத்தும் முறை. என் இளமையில் வி.பி.பி. என்னும் அஞ்சல் முறையில் நூல்களை வரவழைப்போம்; பொதி வந்த பின்னரே பணம் கொடுப்போம். இன்று பொதியைக் கொண்டுவருபவரிடம் பணம் செலுத்தும் ஏற்பாடு அதன் வழித்தோன்றலே. அறியாத கடைக்கு அதுவே ஏற்றது. எனினும் உறையைப் பிரிக்குமுன் பணத்தைக் கேட்பதே பெரும்பாலும் வழக்கமாதலால், அதுவும் முழுக் காவலன்று. வங்கி அட்டையாற் செலுத்தினால், பொருள் வராதபோது வங்கியிடம் முறையிட்டு மீட்க வழியுண்டு. தனியொருவரின் கணக்கிற்கு நேரே அனுப்பிய பணமோ, கைவிட்டுப் போனதற்குச் சமம். தொலைபேசிக்கு வரும் ஒருதடவைக் கடவுச்சொல்லை எவருக்கும் உரைக்கலாகாது. அஞ்சல் திணைக்களத்தின் பெயரால், பொதி காத்திருப்பதாகவும் சிறு கட்டணம் செலுத்துமாறும் போலிக் குறுஞ்செய்திகள் வருவதுண்டு. நாம் எதையும் வரவழைக்கவில்லையெனில் அதைத் திறவாதிருப்பதே அறிவுடைமை.

ஐந்தாவது, சான்றுகளைச் சேர்த்தல். விளம்பரத்தையும் விலையையும் உரையாடலையும் திரைப்பிரதி எடுத்து வையுங்கள். பொதியைப் பிரிக்கும்போது, முத்திரை உடையுமுன் தொடங்கிக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தவணை, அனுப்பும் செலவு யாருடையது, உத்தரவாதம் தருபவர் உற்பத்தியாளரா விற்பவரா என்பன வாங்குமுன்னரே தெரிந்திருக்க வேண்டியவை.

சட்டம் நமக்குத் துணை நிற்கிறதா எனில், நிற்கிறது. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே, விவரணத்தைக் கூறி விற்ற பொருள் அவ்விவரணத்திற்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. முன்னர் பாராத பொருளைப் பரிசோதிக்க வாங்குபவருக்குத் தகுந்த வாய்ப்பும் அளிக்கிறது. இலத்திரனியல் வழியிற் செய்தது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது என்பது 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கிய மூன்று மாதத்துள் எழுத்தில் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. மோசடி என்று தெரிந்த கணமே வங்கிக்கும் பொலிசாருக்கும் அறிவித்தல் வேண்டும். ஆனால் விற்றவர் யார், எங்கிருக்கிறார் என்பது தெரியாவிடில், இத்தனை சட்டங்களும் யாரைப் பிடித்து நிறுத்தும்? முறைப்பாட்டுத் தாளில் எதிராளியின் பெயருக்கென்று விட்ட இடம் வெறுமையாகவே கிடக்கும்.

இணையவழி வாணிபத்தை வெறுத்து ஒதுக்குமாறு நான் கூறவில்லை. தொலைவிலுள்ள தோட்டத்துப் பிள்ளைக்கு, கொழும்பிலே கிடைக்கும் நூலை வாசலிற் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுவே. அதில் நேர்மையாக உழைப்போர் பலர். அவர்களைப் பிறரிலிருந்து பிரித்தறிவதே நமது கடமை.

ஆகவே நேயர்களே, திரையிலே விரலை வைக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். “பிழைத்துப்போனால் எங்கே போய்க் கேட்பது?” என்று உங்களையே கேளுங்கள். விடை எழுத்தில் இருந்தால் வாங்குங்கள். இல்லையேல் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.