முள் தைத்த இடத்துக்கு வழி

1882-ஆம் ஆண்டின் இறுதி. சிசிலித் தீவின் மெசினா நகரில் வீட்டார் எல்லோரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குக் கிளம்பிப் போக, இலியா மெச்னிகோவ் மட்டும் நுண்ணோக்கியோடு உட்கார்ந்துவிட்டார். விலங்கியல் அறிஞரான அவர் பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திர மீனின் இளம் பருவத்தை. அதன் உடல் கண்ணாடிபோல் தெளிவானது. உள்ளே ஊர்ந்து திரியும் அணுக்கள் அப்படியே தெரியும். தோட்டத்து ரோஜாச் செடியில் முள் ஒடித்து வந்து அதன் தோலுக்கடியில் செருகினார். விடிந்ததும் பார்த்தால், அணுக்கள் முள்ளை மொய்த்திருந்தன.

இவற்றை ஒத்த நம் ரத்த வெள்ளணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்று மருத்துவர்கள் பலரும் நம்பிய காலம் அது. இல்லை, அவை கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்றார் மெச்னிகோவ். பால் எர்லிக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1908-இல்.

அந்த அணுக்களுக்கு வழி எப்படித் தெரிந்தது? முள்ளைவிட இந்தக் கேள்விதான் ஆழமாகத் தைக்கிறது.

நம் உடலில் காயத்துக்கு முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'பாலிமார்ஃப்' என்று அச்சிட்டிருப்பதும் இவற்றைத்தான். பெரியவர்களுக்கு நூறு வெள்ளணுக்களில் ஐம்பது முதல் எழுபது வரை இவையே. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. அவற்றின் ஆயுளோ சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். பாடநூல்கள் இவற்றைப் போர்வீரர்கள் என்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீரனுக்கு உத்தரவிட மேலே ஒரு தளபதி வேண்டும். இவற்றுக்கு அப்படி யாரும் இல்லை.

இருப்பது வாசனை போன்ற ஒரு வேதித் தடயம். பாக்டீரியா எந்தப் புரதத்தைக் கட்டத் தொடங்கினாலும், முதலில் வைப்பது ஃபார்மைல் ஒட்டு கொண்ட மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். நம் செல்கள் தம் புரதங்களைத் தொடங்கும்போது அந்த ஒட்டு கிடையாது. ஆகவே அந்த ஒட்டு கொண்ட புரதத் துண்டுகள் கசிந்தால், அந்நியர் நுழைந்துவிட்டார் என்று பொருள். துண்டுகள் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் நியூட்ரோஃபில் நகரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவாக இருந்தவை. இன்றும் அவை அதே ஒட்டோடுதான் தம் புரதங்களைத் தொடங்குகின்றன. விபத்தில் தசை நசுங்கி அவை சிதறினால், கிருமியே இல்லாத இடத்துக்கும் நியூட்ரோஃபில்கள் ஓடிவரும்.

காயத்தருகே ரத்தக்குழாயின் உட்சுவரில் பிசுபிசுப்பான மூலக்கூறுகள் முளைக்கும். ரத்தத்தோடு விரையும் நியூட்ரோஃபில் அவற்றில் சிக்கி, உருண்டு, வேகம் குறைந்து நிற்கும். பிறகு உடலை நசுக்கிக்கொண்டு சுவரின் இடுக்கு வழியே வெளியேறும். 1950-களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் எடுத்த படம் ஒன்றில், சிவப்பணுக்களை முட்டித் தள்ளிக்கொண்டு ஒரு நியூட்ரோஃபில் பாக்டீரியாவைத் துரத்துகிறது. அது திரும்பும் பக்கமெல்லாம் இதுவும் திரும்பிக் கடைசியில் விழுங்கிவிடுகிறது. மூளை, நரம்பு எதுவும் இல்லாத ஒற்றை அணு என்பதை நம்பத்தான் முடியவில்லை.

விழுங்கியதைக் கொல்ல அது தயாரிப்பது ஹைப்போகுளோரஸ் அமிலம். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிருமியைக் கொல்வதும் இதுதான். இதை உண்டாக்கும் நொதியின் நிறம் பச்சை. சளி பச்சையாக இருந்தாலே ஆன்டிபயாடிக் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: அந்தப் பச்சை பெரும்பாலும் நம் நியூட்ரோஃபில்களின் நிறம், வைரஸ் சளியிலும் அது வரும்.

சில நியூட்ரோஃபில்கள் தம் டி.என்.ஏ.வையே வெளியே வீசி, வலையாக விரித்துக் கிருமிகளைச் சிக்கவைக்கின்றன. பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இதை வெளியிட்டது 2004-இல்தான். எப்படிப் போராடினாலும் முடிவு ஒன்றே. இறந்த நியூட்ரோஃபில்கள் குவிந்து கெட்டியானால் அதுதான் சீழ்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கு மஜ்ஜை சோர்ந்து, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் 500-க்கும் கீழே இறங்குவதுண்டு. அப்போது தொற்று வந்தாலும் சீழ் கட்டாது, புண் சிவந்து வீங்காது. எக்ஸ்ரேயில் நுரையீரல்கூடத் தெளிவாகத் தெரியலாம். காய்ச்சல் மட்டுமே அடையாளம். அதனால்தான் அவர்களிடம் மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள்: உடம்பு சுட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.